காட்டில் ஓர் இரவு: பன்றிக் காசு முதல் கூடார வாடகை வரை

1217 நவம்பர் 6. இங்கிலாந்தின் அரசன் மூன்றாம் ஹென்றிக்குப் பத்து வயது நிரம்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சிறுவன் பெயரில் அன்று வெளியான வனச் சாசனத்தில் ஒரு விதி உண்டு. சுதந்திரக் குடிமகன் ஒருவன் தன் பன்றிகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் வழியில் அவை அரசனின் காட்டில் ஓர் இரவு தங்கிவிட்டால், அதைச் சாக்காக வைத்து அவனிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது.

ஓர் இரவு. அதுவும் பன்றிக்கு. அதற்கே அரசமுத்திரை வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய காலத்தில் காடு எப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அரசனின் மானைக் கொன்றவனின் உயிரையும் உடலுறுப்பையும் பறிக்கும் தண்டனையை ஒழித்ததும் இதே சாசனம்தான். அரசவனத்தின் எல்லைக்குள் சொந்தத் தோப்பு வைத்திருந்தவன், அதில் பிறர் கால்நடையை மேயவிட்டுக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்றும் அது சொன்னது. இன்று இங்கிலாந்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தனியார் காட்டை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, கூடாரம் அடித்து, கத்தியும் சுள்ளியும் கொண்டு காட்டுக் கைவினை பழகுகிறார்கள். ‘புஷ்கிராஃப்ட்’ என்று அதற்குப் பெயர். புதிய பொழுதுபோக்கு என்று அதைப் பலர் நினைக்கிறார்கள். தனியார் தோப்பில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி உள்ளே போகும் வழக்கம் மட்டும் குறைந்தது எண்ணூறு ஆண்டுப் பழசு.

சாசனத்துக்கும் முந்தியது 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேடு. வெற்றியாளன் வில்லியம் ஊர் ஊராக ஆளனுப்பி எழுதிவாங்கிய அந்தப் பதிவில், எசெக்ஸ் போன்ற கிழக்கு மாவட்டங்களின் காடுகளுக்கு நீள அகலம் கிடையாது. ‘நூறு பன்றிக்கான காடு’ என்கிற மாதிரிதான் அளவு. இலையுதிர் காலத்தில் ஓக், பீச் மரங்கள் உதிர்க்கும் கொட்டைகளைத் தின்று கொழுக்கப் பன்றிகளை உள்ளே விடுவார்கள். அதற்குப் ‘பானேஜ்’ என்று பெயர். அதற்காகக் கட்டும் காசுக்கும் அதே பெயர். காசை வசூலிப்பவர் ‘அஜிஸ்டர்’. நியூ ஃபாரஸ்ட் வனத்தில் அஜிஸ்டர்கள் இன்றும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். கட்டணம் கட்டிய குதிரைக்கு அடையாளமாக அதன் வால்மயிரைத் தம் பகுதிக்குரிய வடிவில் கத்தரித்துவிடுவது அவர்கள் வழக்கம். ரசீதைக் குதிரையே சுமந்து திரியும்.

பன்றிக்குப் பிறகு மனிதர்கள். சில்டர்ன் மலைச்சரிவின் பீச் காடுகளில் ‘பாட்ஜர்’ எனப்பட்ட கடைசல்காரர்கள் இருந்தார்கள். எஸ்டேட்காரர் நிற்கும் மரங்களைக் கூறு போட்டு ஏலம் விடுவார். பாட்ஜர் ஒரு கூற்றை எடுப்பார். மரத்தை ஊருக்குச் சுமந்து போவது வீண் பாடு என்பதால் பட்டறையையே காட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு கழியை நட்டு வைக்கோல் வேய்ந்த ஒரு கொட்டகை. வளையும் இளங்கழி ஒன்றை வில்லாக வைத்து, காலால் மிதித்து ஓட்டும் கடைசல். பச்சை மரத்தை அதில் ஏற்றி நாற்காலிக் கால்களைக் கடைந்து குவிப்பார்கள். அந்தக் கால்கள் ஹை விக்கம் நகரின் தொழிற்சாலைகளுக்குப் போகும். 1875 வாக்கில் அந்நகரில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டன என்று ஒரு கணக்கு சொல்கிறது. கூறு தீர்ந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த தோப்புக்கு. கரி சுடுபவர்களுக்கும் இதே வாழ்க்கைதான். மூட்டம் திடீரென்று பற்றிக்கொள்ளாமல் இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். ஒற்றைக்கால் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்களாம், கண்ணயர்ந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்ள. புஷ்கிராஃப்ட் பழகுநர்கள் இன்று வார இறுதியில் கற்கும் கூடாரக் கட்டு, தீ மூட்டல், பச்சை மரச் செதுக்கு எல்லாமே இவர்களின் அன்றாடச் சோறு. இந்தத் தொழிலாளிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. அவர்கள் கைப்பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இடையில் வேலிகள் எழுந்தன. 1604க்கும் 1914க்கும் இடையே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்களை நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், இப்படித் தனிச்சொத்தானது. சுள்ளிக்கும் மேய்ச்சலுக்கும் ஊரார் வைத்திருந்த பங்கு பல இடங்களில் ஓசையில்லாமல் போய்விட்டது.

லௌட்டன் கிராமத்தில் மட்டும் ஓசை கேட்டது. லண்டனை ஒட்டிய எப்பிங் வனத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. நவம்பர் 11 நள்ளிரவு தொடங்கி ஏப்ரல் 23 வரை மரக்கிளைகளைக் கழித்து விறகாக்கிக்கொள்ளும் உரிமை ஊராருக்கு இருந்தது. முதல் இரவே கோடரி விழாவிட்டால் உரிமை போய்விடும் என்பது ஐதீகம். அதனால் நிலக்கிழார் ஒருமுறை ஊராரை அதே இரவில் விருந்துக்கு அழைத்து வயிறு முட்டக் குடிக்க வைத்ததாகவும், தாமஸ் வில்லிங்கேல் என்பவர் மட்டும் நடுவில் எழுந்து போய் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து விருந்து மண்டபத்தில் காட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, வழக்கு நிஜம். 1860களில் நிலக்கிழார் காட்டை வேலியிட்டார். வில்லிங்கேல் குடும்பம் கிளை கழிப்பதை நிறுத்தவில்லை. 1866இல் அவர் மகனும் உறவினர் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

நகர மக்கள் திரண்டதாலும் லண்டன் மாநகராட்சி தானே வழக்குத் தொடுத்ததாலும், 1874இல் நீதிமன்றம் வேலிகள் சட்டவிரோதம் என்றது. 1878இல் எப்பிங் வனச் சட்டம் வந்தது. வில்லிங்கேல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1870இலேயே இறந்துவிட்டார். காடு பிழைத்தது, ஆனால் கிளை கழிக்கும் உரிமை 7,000 பவுண்டு இழப்பீட்டோடு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் கட்டிய ‘லாப்பிங் ஹால்’ 1884 முதல் லௌட்டனில் நிற்கிறது. ஒரு மண்டபத்துக்கு விறகு வெட்டின் பெயர் வாய்த்தது பெரிய பெருமைதான். ஆனாலும் அது உரிமைக்குக் கிடைத்த விலை என்பதை மறந்துவிட முடியாது.

இந்த ஆண்டுகளைத் தமிழ் வாசகர் இன்னொரு முறை படிக்க வேண்டும். எப்பிங் காட்டை மக்களுக்கென்று காத்த 1878ஆம் ஆண்டில்தான், மக்களின் காடுகளை அரசு தன் கைக்குள் கொண்டுவர வழி செய்த இந்திய வனச் சட்டமும் வந்தது. 1882 மே 6 அன்று விக்டோரியா ராணி நேரில் வந்து எப்பிங் வனத்தை மக்களின் அனுபோகத்துக்கு அர்ப்பணித்தார். மதராஸ் வனச் சட்டம் பிறந்ததும் அதே 1882இல். நம் மலையடிவாரத்து ஆடுமாட்டுக்காரர்கள் மேய்ச்சலுக்குக் கட்டணமும் அபராதமும் கட்ட நேர்ந்தது அந்தச் சட்டத்தின் கீழ். ஒரே அரசி, ஒரே காலம், இரண்டு நீதி.

காட்டில் பிழைப்புக்காகத் தங்கியவர்கள் குறைந்துகொண்டே வந்த நேரத்தில், ஆசைக்காகத் தங்குபவர்கள் வந்தார்கள். 1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை பூல் துறைமுகத்தில் உள்ள பிரௌன்சி தீவில் பேடன்-பவல் நடத்திய முகாம் உலகறிந்தது. சாரணர் இயக்கம் அங்குதான் முளைத்தது. அந்தத் தீவு தனியார் சொத்து என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உரிமையாளர் சார்லஸ் வான் ரால்ட்டே மனமுவந்து இடம் கொடுத்தார். வந்த சுமார் 20 சிறுவர்களில் பாதிப்பேர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளிலிருந்து. மற்றவர்கள் போர்ன்மத், பூல் நகரங்களின் சாதாரணக் குடும்பத்துப் பையன்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு பவுண்டு. மற்றவனுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால் இது ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம். கூடாரமும் கஞ்சியும் எல்லோருக்கும் ஒன்று. செலவைப் பங்கிடும் விதத்தில் அந்த முகாம் காட்டிய நியாயத்தை, அதன் ஊதுகொம்பைவிடவும் கொடியைவிடவும் மேலாகப் போற்ற வேண்டும்.

ஆனால் உரிமையாளரின் மனத்தை நம்பி நிற்கும் வழக்கம் எவ்வளவு மெலிந்தது என்பதையும் அதே தீவு காட்டியது. 1927இல் மேரி பொன்ஹாம்-கிறிஸ்டி என்ற அம்மையார் அதை ஏலத்தில் வாங்கினார். இயக்கத்தின் வெள்ளிவிழாவுக்காக 1932இல் 500 சாரணர்களைத் தங்கவிட்டார். சிறிது காலத்தில் தீவு பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1934இல் பெருந்தீ ஒரு வாரம் எரிந்து தீவின் பெரும்பகுதியைத் தின்றது. 1961இல் அம்மையார் இறக்கும்வரை கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் தீவு தன் போக்கில் காடாகிச் செவ்வணிலுக்கும் பறவைக்கும் புகலிடமானதும் உண்மை. 1963இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதை மக்களுக்குத் திறந்த பிறகே கூடாரங்கள் திரும்பின.

வேறொரு வழி, காட்டையே வாங்கிவிடுவது. கிழக்கு லண்டன் சிறுவர்களுக்குக் கூடாரம் அடிக்க இடமில்லையே என்று வருந்திய ஸ்காட்லாந்துச் சாரண அதிகாரி டி போயிஸ் மெக்லாரன், 1919இல் 7,000 பவுண்டு கொடுத்து கில்வெல் பார்க்கை வாங்கித் தந்தார். லௌட்டனின் விறகுரிமைக்குக் கிடைத்த அதே தொகை. கில்வெல் இருப்பதும் அதே எப்பிங் வனத்தின் மறு ஓரத்தில். இன்று வனத்தின் பொதுப்பகுதியில் கூடாரமும் தீயும் விதிப்படி தடை. பக்கத்துக் கில்வெல்லில் கட்டணம் கட்டித் தங்கலாம்.

சட்டமும் நாள் எண்ணத் தொடங்கியது. ஒரு நிலத்தில் தொடர்ந்து 42 நாளுக்கு மேலோ, பன்னிரண்டு மாதத்தில் 60 நாளுக்கு மேலோ கூடாரங்களை அனுமதித்தால் உரிமம் வேண்டும் என்றது 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். பிற்பாடு வந்த திட்டமிடல் விதிகள் தற்காலிகப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு 28 நாள் கொடுத்தன. 2000ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்தில் மலை, மேட்டுநிலம், பதிவுபெற்ற பொதுநிலம் ஆகியவற்றில் நடக்கும் உரிமையைத் தந்தது. மொத்த நிலத்தில் அது சுமார் 8 விழுக்காடு. அங்கும் இந்தச் சட்டத்தின்படி கூடாரம் அடிக்கவோ தீ மூட்டவோ முடியாது. காடுகளில் பெரும்பாலானவை அதில் சேரவே இல்லை. எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்து 2003இலேயே பொறுப்போடு கூடாரம் அடிக்கும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டது.

இந்த இடைவெளியில்தான் புஷ்கிராஃப்ட் வளர்ந்தது. ரே மியர்ஸ் 1983இல் ‘உட்லோர்’ பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1990களில் பிபிசி தொலைக்காட்சி அவரை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. பார்த்தவர்களுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் போவது எங்கே? தக்க காரணமின்றி நிலைப்பிடிக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பதையே 1988ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. செதுக்கவும், தீ மூட்டவும், இரவு தங்கவும் ஒருவர் நிலத்தில் அவர் சம்மதம் வேண்டும். தனியாள் கேட்டால் தயங்கும் நிலக்காரர், பொறுப்பாளரும் காப்பீடும் உள்ள குழு கேட்டால் செவிகொடுப்பார். செலவும் பத்துப் பேருக்குப் பங்காகும்.

பேச்சு அத்தனை சுலபமாக முடிவதில்லை. ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. வேட்டைக்கு விட்ட காடென்றால் அப்போது கதவு சாத்திவிடும். வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் காட்டுத் தரையெங்கும் நீலமணிப் பூக்கள். ஒரு கூடாரத்தின் அடியில் நசுங்கினால் அந்த இடம் தேற ஆண்டுகள் பிடிக்கும். 2012இல் பிரிட்டனில் உறுதியான ஆஷ் மர வாடல் நோய், பல தோப்புகளில் மேலே காய்ந்த கிளைகளைத் தொங்கவிட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, அழைத்து உள்ளே விடப்பட்டவரின் பாதுகாப்பில் நியாயமான அக்கறை காட்டுவது நிலக்காரரின் கடமை. ஆகவே நாள், ஆள் கணக்கு, தீமூட்டும் ஒரே இடம், விறகு எங்கிருந்து, மலக்குழி எங்கே என்று எல்லாம் முன்கூட்டி எழுதிக்கொள்ளப்படும். சில குழுக்கள் வாடகையில் ஒரு பகுதியை உழைப்பாகத் தருகின்றன. மண்டிய ரோடோடெண்ட்ரான் புதரை வெட்டுகிறார்கள், ஹேசல் மரங்களை அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் பழைய வேலையைச் செய்கிறார்கள். அது வெறும் காசைவிட நல்ல ஏற்பாடு. வெட்டிய ஹேசல் மீண்டும் கழி தருவதற்கு ஏழெட்டு ஆண்டு ஆகும். அதை நட்டவரும் வெட்டியவரும் அந்தக் காட்டுக்கு அந்நியராக இருக்க முடியாது.

2023 ஜூலையில் அரசு விதியைத் தளர்த்தியது. உள்ளாட்சிக்கு எழுதித் தெரிவித்து, கழிப்பிட வசதி செய்துகொடுத்தால், 50 கூடாரம் வரை ஆண்டுக்கு 60 நாள் தனித் திட்ட அனுமதி இல்லாமலே முகாம் நடத்தலாம்.

நியூ ஃபாரஸ்டில் பானேஜ் பருவம் இப்போதும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அறிவிக்கப்படுகிறது. அதன் அளவும் குறைந்தது 60 நாள். பன்றி வளர்ப்பவர்கள் தலைக்கு ஒரு சிறு கட்டணம் கட்டி விலங்குகளை ஓக் மரங்களுக்கடியில் விடுகிறார்கள். அவை இரவும் அங்கேயே திரிகின்றன. அதே வனத்தில் மனிதர்கள் கூடாரம் அடிக்க, அதற்கென ஒதுக்கிய முகாம் திடல்களில் மட்டுமே அனுமதி உண்டு.