உம்மு ஸலமா (ரலி): நான்கு பிள்ளைகளின் தாய்க்கு அமைந்த மறுமணம்

கணவரை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் பெண் மறுமணத்தை எண்ணுவதே தவறு என்பதுபோல் நம் மஹல்லாக்களில் சிலர் பேசுகின்றனர். அவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாற்றை அறிய வேண்டும்.

உஹதுப் போரில் பட்ட காயம் மீண்டும் புரையோடி, ஹிஜ்ரி 4-இல் கணவர் அபூஸலமா (ரலி) வஃபாத்தானார்கள். நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவை ஓதியபோதும், அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் என்றே அன்னையின் உள்ளம் கேட்டது. இத்தா முடிந்தபின் அபூபக்ர் (ரலி) அவர்கள் பெண் கேட்டும் மறுத்துவிட்டார்கள்.

பின்னர் நபியவர்களே பெண் கேட்டு அனுப்பினார்கள். அப்போதும் அன்னை மூன்று தயக்கங்களை வெளிப்படையாகச் சொன்னார்கள்: தமக்கு ரோஷம் மிகுதி, வயது கடந்துவிட்டது, பிள்ளைகள் இருக்கின்றனர். ரோஷம் நீங்கத் தாம் துஆச் செய்வதாகவும், வயதில் தாமே மூத்தவர் என்றும், பிள்ளைகள் அல்லாஹ்வுடையவும் அவன் தூதருடையவும் பொறுப்பு என்றும் நபியவர்கள் பதிலளித்தார்கள். ஷவ்வால் மாதத்தில் நிகாஹ் நடந்தது.

பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தமக்கு அருகிலுள்ளதை உண்ணுமாறு நபியவர்கள் கற்பித்தது, அவ்வீட்டில் வளர்ந்த அன்னையின் மகன் உமருக்குத்தான். ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில் தோழர்கள் தயங்கி நின்றபோது, நபியவர்கள் ஏற்றுச் செயல்பட்டது அன்னையின் ஆலோசனையையே.

இன்று இத்தகைய பெண்ணுக்கு வரன் பேசுவோர், "பிள்ளைகளை எங்கே விடுவது?" என்று முதலில் கேட்கின்றனர். பிள்ளைகளோடு சேர்த்தே தாயை ஏற்பதுதான் நபிவழி.