மிர்கோ குரோ காப்

மிர்கோ ஃபிலிப்போவிச் (பிறப்பு: 10 செப்டம்பர் 1974, விங்கோவ்ட்சி) கிக் பாக்ஸிங், கலப்புத் தற்காப்புக் கலை (எம்எம்ஏ) இரண்டிலும் முதல் வரிசையில் நின்ற குரோஷிய வீரர். காவல்துறையின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவில் பணியாற்றியதால் 'குரோ காப்' (குரோஷியக் காவலர்) என்ற பெயர் நிலைத்தது.

1996-இல் ஜப்பானின் கே-1 கிக் பாக்ஸிங் மேடையில் அறிமுகமானார். 1999 உலக கிராண்ட் பிரி இறுதியில் எர்னஸ்டோ ஹூஸ்டிடம் தோற்றார். 2001 முதல் எம்எம்ஏ. இடதுகைப் பாணிக்காரரான அவர் இடக்கையால் நேராகக் குத்துவார். எதிராளி அதைத் தடுக்கப் பழகியதும் அதே நிலையிலிருந்து இடது கால் தலைக்கு உயரும். வருவது கையா காலா என்று கடைசி நொடிவரை தெரியாது. தரைப் பிடியில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. 2003-இல் நொகெய்ரா என்ற வீரர் இவரது கையை மடக்கி வென்றார். 2005-இல் ஃபெடோர் எமெலியானென்கோவிடம் நடுவர் தீர்ப்பில் தோல்வி.

உச்சம் 2006: தம் 32-ஆம் பிறந்தநாளன்று ஒரே இரவில் வாண்டர்லேய் சில்வாவையும் ஜோஷ் பார்னெட்டையும் வீழ்த்தி ஜப்பானிய எம்எம்ஏ அமைப்பான பிரைடின் கிராண்ட் பிரியை வென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்க எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சியில் கேப்ரியல் கொன்சாகா இவரது ஆயுதத்தையே, தலைக்கு விடும் உதையையே, இவர்மீது ஏவி நினைவிழக்கச் செய்தார். 2015-இல் மிர்கோ கொன்சாகாவைத் திருப்பி வென்றார். அதே ஆண்டு வளர்ச்சி ஹார்மோன் எடுத்ததை ஒப்புக்கொண்டதால் தடை விழுந்தது.

இடையில் 2003-இல் குரோஷிய நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். 2013-இல் சாக்ரெபில் கே-1 கிராண்ட் பிரியையும், 2016-இல் ஜப்பானின் ரிசின் எம்எம்ஏ தொடரையும் கைப்பற்றினார். 2019 பிப்ரவரியில் ராய் நெல்சனை வென்ற பின் பக்கவாதம் கண்டறியப்பட, மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.