யோசிக்கத் தெரிந்த அன்பு: சேலம் கே.டி.பால்



நம் கோவைச் சபைகளில் கல்யாணம் என்றால் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, அன்பு என்றால் இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டு பந்திக்குப் போகிறோம். அன்புக்கு யோசிக்கவும் தெரிய வேண்டும் என்று வாழ்ந்து காட்டியவர் நம் கொங்கு மண்ணிலேயே பிறந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

கே.டி.பால் 1876இல் சேலத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியர் பணத்தில், இந்தியர் உழைப்பில் நடந்த சங்கம் அது. வி.எஸ்.அசரியாவோடு சேர்ந்து பாலும் அதற்காக ஊர் ஊராக அலைந்தார்.

போன இடமெல்லாம் அவர் கண்டது கடன். நம் தாத்தாமார் பட்ட பாடுதான். மழை பொய்த்தால் கடன், கவலை இறைக்கிற மாடு செத்தால் கடன். வெள்ளாமை வீடு வருவதற்குள் வட்டிக்காரர் களத்துக்கு வந்துவிடுவார். அங்கே நாலு படி அரிசி கொடுத்தால் நாலு நாள் பசி தீரும். கடன் அப்படியே நிற்கும்.

பால் கையில் எடுத்தது கூட்டுறவு. அதற்கான சட்டம் 1904இலேயே வந்திருந்தது. ஊரார் சிலர் சங்கமாகச் சேர்வார்கள். ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. நியாயமான வட்டி, அறுவடை முடிந்து தவணை. பட்டணத்து மாணவர்களையும் குமாஸ்தாக்களையும் சுற்றியே இருந்த ஒய்.எம்.சி.ஏ.வை 1913 முதல் இந்த வேலைக்காகக் கிராமத்துக்குத் திருப்பினார். 1916இல் அதன் தேசியப் பொதுச் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

இதில் என்னைத் தொட்டது உண்மைத்தன்மை. கிராமப் பணி கிறிஸ்தவர்களோடு நிற்கவில்லை, பிற மதத்தாருக்கும் நடந்தது. உதவியைத் தூண்டிலாக்காத அன்பு அது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே கேட்டதும் இதையேதான்: நீங்கள் செய்த தியாகம் பெரிது, ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துகிறீர்களா?

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் பால் போனார். தனித்தொகுதி வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடமிருந்து பிரிந்து நிற்பதில் அவருக்கு உடன்பாடில்லை. தன் கூட்டத்துக்கு லாபம் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? திரும்பி வந்த சில மாதங்களில், 1931 ஏப்ரலில், சேலத்திலேயே காலமானார். ஈரோட்டில் ஊழியம் செய்த போப்லி 1938இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

உங்கள் சபையிலும் உதவி நிதிக் குழு இருக்கும். அடுத்த கூட்டத்தில் எவ்வளவு கொடுப்பது என்று பேசி முடித்த பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: வாங்குகிறவர் அடுத்த வருஷமும் இதே வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்குமா?