இப் மேன் (திரைப்படம், 2008)

‘இப் மேன்’ 2008 டிசம்பரில் வெளிவந்த ஹாங்காங் குங்ஃபூ திரைப்படம். இயக்கம் வில்சன் யிப். ஆசான் இப் மேனாக டோனி யென் நடித்தார். சண்டைக் காட்சிகளைச் சம்மோ ஹங்கும் டோனி லியுங் சியு-ஹங்கும் அமைத்தனர். 2009ஆம் ஆண்டின் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த சண்டை அமைப்பு ஆகிய இரு விருதுகளையும் வென்றது. விங் சுன் கலையின் ஆசானும் புரூஸ் லீயின் குருவுமான இப் மேனின் (1893–1972) வாழ்க்கை வரலாறாகவே இப்படம் பரவலாக அறிமுகம் செய்யப்படுகிறது. அந்த அறிமுகம் பொருந்தாது. அந்த வாழ்க்கையின் மையமான முறிவையே படம் இடம் மாற்றி வைத்திருக்கிறது. அப்படி மாற்ற நேர்ந்த காரணத்தில்தான் இத்தகைய படங்களின் இயல்பு தெரிகிறது.

தென் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலுள்ள ஃபோஷான், 1930களில் குங்ஃபூ பள்ளிகள் நிறைந்த நகரம். படத்தில் இப் மேன் அங்கே செல்வர், பள்ளி நடத்தாதவர், சீடர் எவரையும் ஏற்காதவர். வடக்கிலிருந்து வந்து உள்ளூர் ஆசான்களை வீழ்த்திய முரடனைத் தன் வீட்டுக் கூடத்தில் தோற்கடிக்கிறார். ஜப்பானியப் படை நுழைந்ததும் மாளிகை பறிபோகிறது. கரி அள்ளிப் பிழைக்கிறார். வென்றால் ஒரு மூட்டை அரிசி என்று தளபதி மியுரா நடத்தும் போட்டியில் சக ஆசான் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட, இப் மேன் பத்துக் கராத்தே வீரர்களை ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறார். கடைசியில் ஊரார் முன்னிலையில் மியுராவை வீழ்த்தி, துப்பாக்கிக் குண்டு பட்டு, ஹாங்காங்குக்குத் தப்புகிறார். வரலாற்றில் அப்படி ஒரு மேடைச் சண்டை நடக்கவில்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அவர் குடும்பம் சொத்தை இழந்து வறுமையில் வாடியது உண்மை. ஆனால் போர் முடிந்த பிறகும் அவர் ஃபோஷானில்தான் இருந்தார். தேசியவாத அரசின் காவல்துறையில் பணியாற்றினார். 1949இல் கம்யூனிஸ்டுகள் வென்றதே அவரை ஊரைவிட்டு வெளியேற்றியது. எல்லை மூடப்பட்டபின் மனைவி சியுங் விங்-சிங் மறுபக்கமே இருந்துவிட்டார். அவர் 1960இல் இறக்கும்வரை கணவனும் மனைவியும் மீண்டும் சந்திக்கவே இல்லை. மகன்கள் இப் சுன்னும் இப் சிங்கும் 1962இல்தான் தந்தையிடம் வந்து சேர்ந்தார்கள். 2015இல் வந்த மூன்றாம் பாகமோ மனைவியை ஹாங்காங்கில் கணவனின் அருகிலேயே இறக்க வைக்கிறது. ஆக, இது ஒரு படத்தில் நேர்ந்த கவனக்குறைவு அன்று. தொடர் முழுவதும் 1949ஐச் சுற்றி விலகியே செல்கிறது.

இதற்கு முதலில் தோன்றும் விளக்கம், சீனப் பெருநிலத்தின் சந்தை. படம் பெருநில நிறுவனங்களின் கூட்டுத் தயாரிப்பு. கம்யூனிஸ்டுகளுக்கு அஞ்சி ஓடிய காவலர் ஒருவரை அங்கே நாயகனாக்குவது கடினம். இதில் உண்மை உண்டு, ஆனால் போதாது. வொங் கார்-வாய் 2013இல் இதே மனிதரைப் பற்றி எடுத்த ‘தி கிராண்ட்மாஸ்டர்’ படமும் பெருநிலப் பங்களிப்புடன் உருவானதே. அது மூடப்பட்ட எல்லையையும் பிரிந்த தம்பதியரையும் மறைக்கவில்லை. அப்படியானால் தணிக்கையை மட்டும் காரணமாக்க முடியாது. வேறுபாடு படத்தின் வகையில் இருக்கிறது. வொங் கார்-வாய் எடுத்தது இழப்பைப் பற்றிய படம். அதற்கு எதிரி தேவையில்லை. சண்டைப் படத்துக்கோ, முஷ்டியால் வீழ்த்தக்கூடிய, முகமுள்ள எதிரி ஒருவன் வேண்டும். மூடப்பட்ட எல்லையை எந்தக் குத்தும் திறக்காது. மியுரா அந்தத் தேவைக்காகப் பிறந்தவர்.

அவர் பிறந்த மரபும் பழையது. 1949இல் தொடங்கி குவான் டாக்-ஹிங் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் ஏற்று நடித்த வொங் ஃபெய்-ஹங்கும் இதே ஃபோஷான் பகுதியில் வாழ்ந்த உண்மையான ஆசான்தான். திரையில் அவர் செய்தவற்றில் பெரும்பகுதி கற்பனை. 1972இன் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் புரூஸ் லீ தனியாளாக ஒரு ஜப்பானியப் பயிற்சிக்கூடம் முழுவதையும் அடித்து வீழ்த்துகிறார். பத்துக் கராத்தே வீரர்களுடன் இப் மேன் மோதும் காட்சி அதன் நேர் வாரிசு. சீடர் திரையில் செய்ததை, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, குருவின் வாழ்க்கைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை, திரைப்படம் வரலாற்றை எப்படி எழுதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இதனால் படம் வெறும் தேசவெறிப் பரப்புரை என்று சிலர் தள்ளிவிடுவதுண்டு. ஜப்பானிய அதிகாரிகளைத் தட்டையாகக் காட்டுகிறது என்ற குறை நியாயமானதே. சாட்டோ என்ற துணை அதிகாரியிடம் கொடுமை தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் மியுராவுக்குக் கலைமீது உண்மையான மதிப்பு இருப்பதைப் படம் காட்டுகிறது. இசையமைத்த கெஞ்சி கவாய் ஜப்பானியர். மியுராவாக நடித்த ஹிரோயுகி இகேவுச்சியும் அப்படியே. இன்னொரு தரப்பு, இப் சுன்னே ஆலோசகராக இருந்தாரே, பிறகு எப்படி வரலாறு இல்லை என்பீர்கள் என்று கேட்கிறது. அவருடைய பங்கு எங்கே பலித்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்: நிகழ்ச்சிகளில் அன்று, கைகளில். விங் சுன் உடலின் நடுக்கோட்டைக் காத்து, முழங்கையை ஒட்டிவைத்து, மிகக் குறைந்த தூரத்தில் குத்தும் கலை. அடுத்தடுத்த சங்கிலிக் குத்துகளில்தான் அதன் வலிமை. டோனி யென் இதற்காக மாதக்கணக்கில் பயின்றார். தோள் அசையாமல், முதுகு வளையாமல் அவர் நிற்கும் நிலை, முந்தைய படங்களின் துள்ளலும் கம்பி கட்டிய பறத்தலும் பழகிய கண்களுக்குப் புதிது. இறுதிச் சண்டையில் எதிரியைத் தாக்கும் காட்சிகளோடு மரப்பொம்மையில் பயிற்சி செய்யும் காட்சிகள் மாறிமாறி வருவது, சண்டையையும் பயிற்சியையும் ஒன்றாகக் காணும் இக்கலையின் பார்வைக்கு முற்றிலும் பொருந்துகிறது. படத்தில் மிகுந்த நேர்மையோடு செய்யப்பட்ட பகுதி இதுதான். உலகெங்கும் விங் சுன் கற்க ஆர்வத்தைப் பெருக்கியதும் இதுவே.

ஆகவே இப்படத்தை வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, வொங் ஃபெய்-ஹங் படங்கள் இருக்கும் வரிசையில் வைப்பதே முறை. அந்த வரிசையில் அது முதல் தரமானது.