பெயர் திரும்பக் கிடைத்த வீரர்

போரில் இறந்தவர் யார் என்றே தெரியாவிட்டால் அவரை எப்படி நினைவுகூர்வது? முதல் உலகப் போர் முடிந்தபோது லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இருந்த கேள்வி இது. அதற்குக் கண்டுபிடித்த விடைதான் 'பெயர் தெரியாத வீரர்' கல்லறை. அடையாளம் தெரியாத ஓர் உடலை எடுத்து அரச மரியாதையோடு அடக்கம் செய்வார்கள். மகனைப் பறிகொடுத்த எந்தத் தாயும் 'இது என் பிள்ளையாக இருக்கலாம்' என்று நினைத்துக்கொள்ளலாம். 1920 நவம்பர் 11 அன்று லண்டனிலும் பாரிஸிலும், அடுத்த வருடம் அமெரிக்காவின் ஆர்லிங்டனிலும் இப்படிச் செய்தார்கள்.

1958-ல் இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் வீரர்கள் இருவரும் ஆர்லிங்டனில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்தது வியட்நாம். இங்கேதான் சிக்கல். அந்தப் போரில் மீட்கப்பட்ட உடல்களில் அடையாளம் தெரியாதவை மிகக் குறைவு. கல்லறை தயார், உள்ளே வைக்க ஆள் இல்லை! கடைசியில் 1984 மே 28 அன்று ஒரு பெட்டியை அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி ரீகன் நேரில் வந்து, நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' விருதை அந்த வீரருக்கு வழங்கினார்.

ஆனால் பெட்டிக்குள் இருந்தவருக்குப் பெயர் இருந்தது.

மைக்கேல் பிளாசி. செயிண்ட் லூயிஸ் நகரத்துக்காரர். விமானப்படை லெப்டினன்ட், வயது 24. 1972 மே 11 அன்று தெற்கு வியட்நாமின் ஆன் லாக் அருகே அவர் ஓட்டிய ஏ-37 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. கடும் சண்டை நடந்த பகுதி என்பதால் உடனே யாராலும் அங்கே போக முடியவில்லை. அக்டோபரில் தெற்கு வியட்நாம் ரோந்துப் படை ஒன்று சில எலும்புகளை மீட்டது. கூடவே பிளாசியின் அடையாள அட்டையும் கிடைத்தது. பிறகு அந்த அட்டை காணாமல் போய்விட்டது!

'பிளாசியாக இருக்கலாம்' என்ற குறிப்போடு சில வருடங்கள் அந்த எலும்புகள் இருந்தன. வயதும் உயரமும் ரத்த வகையும் பொருந்தவில்லை என்று 1980-ல் அந்தக் குறிப்பையும் நீக்கினார்கள். பெயர் போய், எக்ஸ்-26 என்ற எண் மட்டும் மிஞ்சியது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரிந்திருக்கும். இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். பிழை தெரிந்ததும் திருத்தி அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். இங்கே என்ன நடந்தது? எக்ஸ்-26-ஐ அனாமத்தில் போட்டதோடு நிற்காமல், மேலே பளிங்கை வைத்து மூடி இரவும் பகலும் காவல் போட்டார்கள்.

1990-களில் ஒரு முன்னாள் படைவீரர் பழைய ஆவணங்களைத் தோண்டி இதைப் பற்றி எழுதினார். 1998 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி செய்தியாக்கியது. கல்லறையைத் திறக்கும்படி குடும்பம் கேட்டது. புனிதமாகக் கருதும் ஓர் இடத்தைத் தோண்டலாமா என்ற எதிர்ப்பும் இருந்தது. மே 14 அன்று பெட்டியை வெளியே எடுத்தார்கள். தாய் வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் குடும்பத்தினரின் மாதிரியோடு ஒப்பிட்டதில் விடை கிடைத்தது. ஜூன் 30 அன்று அறிவித்தார்கள்: பிளாசிதான்! ஜூலை 11 அன்று செயிண்ட் லூயிஸில், சொந்தப் பெயர் பொறித்த கல்லின் கீழ் அவர் மறுபடி அடக்கம் செய்யப்பட்டார்.

பதக்கம் மட்டும் கூட வரவில்லை. அது 'பெயர் தெரியாத வீரருக்கு' வழங்கப்பட்டது, பிளாசிக்கு அல்ல என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 14 வருடம் ஒரு நாடே அவருக்கு சல்யூட் அடித்தது. அதே நாட்டில் இருந்த அவருடைய அம்மாவுக்கு மட்டும் மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

பெயர் தெரியாத வீரர் கல்லறையை நான் குறை சொல்லவில்லை. பெயரைத் தேடித் தேடிக் கிடைக்காதவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. தேடலை முடிக்காமலே அதைப் பயன்படுத்தினால் நினைவுச் சின்னமே மறதிக்கு வழியாகிவிடும்.

ஆர்லிங்டனில் வியட்நாம் வீரருக்கான அந்த இடத்தில் அதன் பிறகு யாரையும் வைக்கவில்லை. காணாமல் போன வீரர்களுக்கு என்று 1999-ல் அதன் மேல் புதிய வாசகம் பொறித்தார்கள். பதக்கம் பெற்ற பெட்டியைவிட இந்தக் காலி இடம்தான் நேர்மையானது என்பேன். இன்னும் தேடுகிறோம் என்று அது ஒத்துக்கொள்கிறது.