வட்டைக் கழற்றிய கதை

1962-ல் ஐ.பி.எம். 1311 வந்தபோது, கம்ப்யூட்டரிலிருந்து வட்டைக் கழற்றுவது என்றால் நிஜமாகவே கையால் கழற்றுவதுதான். ஆறு தட்டுகள் அடுக்கிய ஒரு பொதி. சுழற்சி நின்றதும் மூடியைத் திறந்து, தூக்கி, அலமாரியில் வைத்துவிடலாம். உள்ளே சுமார் 20 லட்சம் எழுத்துகள். யார் தகவல் யாரிடம் இருக்கிறது என்ற குழப்பமே கிடையாது. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்!

குழப்பம் பிறந்த இடம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம். அங்கிருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீஸி தலைமையில் உருவான சி.பி.-40 என்ற அமைப்பு 1967 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பதினான்கு பேர் வரை பயன்படுத்தலாம். ஒவ்வொருவருக்கும் தனக்கென்றே முழு கம்ப்யூட்டர் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஆளுக்கொரு வட்டு வாங்கித் தர முடியுமா? விலை அப்படி. அதனால் ஒரு பெரிய வட்டைத் துண்டு போட்டு, 'மினிடிஸ்க்' என்று பெயர் வைத்துப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துத் துண்டு இருப்பதே யாருக்கும் தெரியாது.

1972-ல் வி.எம்./370 வந்தது. அதில் 'டிடாச்' என்று ஒரு கட்டளை. அதைக் கொடுத்தால் வட்டு காணாமல் போய்விடும். உண்மையில் எதுவும் நகரவில்லை, அட்டவணையில் ஒரு வரி மட்டும் நீங்கியது. நிரந்தர மினிடிஸ்க் என்றால் தகவல் பத்திரமாக அப்படியே இருக்கும். தற்காலிக வட்டு என்றால் அந்த இடம் பொதுக் கையிருப்புக்குத் திரும்பிவிடும். இங்கேதான் வில்லங்கம். இடத்தைத் துடைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தால், முந்தையவர் எழுதியதை அவர் படித்துவிடலாம். வாடகை வீட்டைக் காலி செய்தவர் பீரோவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி! வழிவந்த ஸெட்/வி.எம்.-ல் இப்படித் திரும்பும் இடத்தைத் தானாகத் துடைக்கும் வசதி இருக்கிறது.

ஒரே கம்ப்யூட்டரை வன்பொருள் அளவிலேயே பிரிக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன் முறையை 1988-ல் ஐ.பி.எம். தன் 3090 மெயின்ஃபிரேமுக்குக் கொண்டுவந்தது. 2001-ல் ஐசீரீஸ் சர்வர்களில் ஒரு பார்ட்டிஷனில் லினக்ஸ் ஓடியது. அதற்கு வட்டு கொடுத்தது பக்கத்துப் பார்ட்டிஷனில் இருந்த ஓ.எஸ்./400. அந்த மெய்நிகர் வட்டைத் துண்டிக்க முதலில் லினக்ஸை நிறுத்த வேண்டும், பிறகு அதற்கான சர்வர் விவரணையை அணைக்க வேண்டும், அதன்பின்தான் இணைப்பை எடுக்கலாம். எடுத்ததும் லினக்ஸ் பயனர்களுக்கு வட்டு கிடைக்காது. ஆனால் உள்ளே இருப்பது அழியாது, மறுபடி இணைத்துக்கொள்ளலாம். அழிப்பதற்குத் தனிக் கட்டளை. இப்படிப் பிரித்து வைத்தது மிகச் சரியான முடிவு.

2004-ல் பவர்5 சர்வர்களோடு விர்ச்சுவல் ஐ/ஓ சர்வர் வந்தது. இதில் பார்ட்டிஷனையே நிறுத்த வேண்டியதில்லை, வரிசை மட்டும் தப்பக் கூடாது. பயன்படுத்தும் பக்கத்தில் கோப்பு அமைப்பை இறக்கி, வால்யூம் குரூப்பை மூடி, வட்டைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பிறகே கொடுத்த பக்கத்தில் துண்டிக்க வேண்டும். காமர்ஸ் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், கொடுத்த காசோலைகள் எல்லாம் பாஸாகும் முன் வங்கிக் கணக்கை மூடக் கூடாது. நினைவகத்தில் காத்திருக்கும், இன்னும் வட்டுக்குப் போகாத எழுத்துகள்தான் அந்தக் காசோலைகள். முந்திக்கொண்டு துண்டித்தால் அவை திரும்பி வராது.

கொடுத்த பக்கத்தில் துண்டிக்கும் 'ஆர்.எம்.வி.டெவ்' கட்டளை தானாகச் சேமிப்பிடத்தைத் தொடாது. ஆனால் அதன் கடைசியில் 'ஆர்.எம்.எல்.வி.' என்ற நான்கு எழுத்தைச் சேர்த்தால், இணைப்போடு சேர்ந்து தகவல் இருந்த லாஜிக்கல் வால்யூமும் போய்விடும்.