சீசனுக்கு முன் மூளைக்கு ஒரு டெஸ்ட்: 'பேஸ்லைன்' எதற்கு, எவ்வளவு நம்பலாம்?

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம். ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். 80 ரன்னில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் பட்டது. வெளியே போனார். கன்கஷன் இருக்கிறதா என்று பார்த்த டெஸ்ட்களில் தேறினார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலை எழுந்தால் தலைவலி, மந்தம். மறுபடியும் டெஸ்ட் வைத்தார்கள். முந்தைய முடிவைவிட இறங்கியிருந்தது. அத்துடன் அவருக்கு அந்த மேட்ச் முடிந்தது. அவருக்குப் பதிலாக வந்த மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் 'கன்கஷன் சப்ஸ்டிட்யூட்'.

'இறங்கியிருந்தது' என்று எப்படிச் சொல்ல முடிந்தது? ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பழைய முடிவு கையில் இருந்ததால்தான். சீசன் தொடங்கும் முன்பே, தலை நன்றாக இருக்கும்போது, எடுத்து வைக்கும் அப்படியொரு முடிவுக்குப் பெயர்தான் பேஸ்லைன்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?

போதாது. கன்கஷன் என்பது மண்டைக்குள் மூளை குலுங்குவதால் அதன் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவது. ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருந்தால் சிடி ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் வெறும் கன்கஷனில் சிடியும் வழக்கமான எம்ஆர்ஐயும் பெரும்பாலும் நார்மலாகவே வரும். ஹெல்மெட்டும் மண்டையைத்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. அதனால் மூளையின் உருவத்தை மட்டும் பார்த்தால் பத்தாது, அது வேலை செய்யும் விதத்தையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஸ்காட் 6' (2023-இல் வந்த பதிப்பு) இதைத்தான் செய்கிறது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது என 22 அறிகுறிகளுக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண். பிறகு 10 சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடமாவது கழித்து அதே சொற்களை மறுபடி கேட்பார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரில் செய்யும் 'இம்பேக்ட்' போன்ற டெஸ்ட்கள் நினைவாற்றலோடு, எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறீர்கள் என்பதையும் அளக்கும்.

ஸ்காட்டில் இன்னொன்று: டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வது. இப்போதே ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கேயாவது தடுக்கியதா? அடிபடாமலேயே தடுக்குகிறது இல்லையா? அதுதான் விஷயம். எப்போதும் 9 சொற்களை நினைவில் வைக்கும் ஒருவர் இன்று 6 சொன்னால் கவலைப்பட வேண்டும். எப்போதும் 6 சொல்பவர் இன்றும் 6 சொன்னால் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். பழைய கணக்கு இல்லாவிட்டால் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

ஆனால் இதில் ஓட்டைகள் உண்டு

முதல் ஓட்டை, வேண்டுமென்றே சொதப்புவது. பேஸ்லைனில் குறைவாக எடுத்து வைத்தால், அடிபட்ட பிறகு ஈஸியாகத் 'தேறி' உடனே களத்துக்குத் திரும்பலாமே! அமெரிக்க ஃபுட்பால் நட்சத்திரம் பேட்டன் மேனிங் 2011-இல் தானே அப்படிச் செய்வதாகச் சொல்லி, பிறகு அது ஜோக் என்றார். ஜோக்கோ இல்லையோ, இடத்தை இழக்கப் பயப்படும் வீரருக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அடுத்தது டெஸ்ட் எடுக்கும் சூழல். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, முப்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் அறையில் எடுத்த பேஸ்லைனுக்கு மதிப்புக் குறைவு. இந்தியாவுக்கு நான் முக்கியமாக நினைப்பது மொழி. தமிழில் யோசிக்கும் ஒரு கல்லூரி வீரரிடம் ஆங்கிலத்தில் சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டால், அளப்பது நினைவாற்றலையா, ஆங்கிலத்தையா? குறைந்தபட்சம் சீசனுக்கு முன்பும் அடிபட்ட பிறகும் ஒரே மொழியில் எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு மூளையும் வளர்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய முடிவை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இதனால்தான் ஸ்காட் 6 ஆவணமே, பேஸ்லைன் உதவலாம், ஆனால் கட்டாயமில்லை என்கிறது. அறிகுறிகளும் மருத்துவரின் பரிசோதனையும்தான் முதலில். டெஸ்டில் தேறினாலும் தலை சுற்றினால் ஆடக் கூடாது, அவ்வளவுதான். ஸ்மித் முதல் நாள் தேறியவர்தான்.

ஐசிசி விதிகளும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 2025 மாற்றங்களின்படி, மேட்சின்போது கன்கஷன் உறுதியான வீரர் குறைந்தது 7 நாட்கள் ஆடக் கூடாது. மாற்று வீரர்களின் பெயர்களையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் புனேயில் ஷிவம் துபேவுக்குக் கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் அடிபட்டு, ஹர்ஷித் ராணா வந்து 3 விக்கெட் எடுத்தது நினைவிருக்கும். ஆல்ரவுண்டருக்குப் பதில் பவுலரா என்று நாம் சண்டை போட்ட அளவுக்கு, துபேவின் தலை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

உங்கள் வீக்எண்ட் டீமுக்கு

ஆபீஸ் லீகிலோ டர்ஃப் ஃபுட்பாலிலோ யாரிடமும் பேஸ்லைன் இருக்காது. அதற்காகக் காசு செலவழிப்பதைவிட, அடிபட்டவரை அன்றைக்கு மறுபடி இறக்காமல் இருப்பது அதிகம் உதவும். தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, எழுப்ப முடியாத தூக்கம் — இதில் ஒன்று இருந்தாலும் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். இல்லையென்றாலும் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், பைக் சாவியை வாங்கி வையுங்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு. பிறகு மெல்லிய நடை, ஓட்டம், பயிற்சி என்று படிப்படியாக. மோதல் இருக்கும் ஆட்டத்துக்குத் திரும்புமுன் டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுநாள் காலை ஒரு போன் போட்டு விசாரியுங்கள்: அறிகுறி 24 முதல் 48 மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம்.